அசையாமல் படுத்திருந்த பிள்ளை

போன கிழமை தர்ஷி தொலைபேசியில் பேசினாள். கண்டியில் நான் வேலை பார்த்த ஸ்கேன் நிலையத்தில், எம்.ஆர்.ஐ. அறையில், இப்போது என் இடத்தில் இருப்பவள் அவள்.

“அக்கா, அந்த ஓட்டிசம் பிள்ளைங்க ஆராய்ச்சி திரும்பவும் தொடங்குதாம். அடுத்த மாசத்துல இருந்து பிள்ளைங்க வரப்போறாங்க. போன தரம் நீங்கதானே செஞ்சீங்க? பிள்ளைங்கள அசையாம எப்படிப் படுக்க வச்சீங்கன்னு எழுதித் தாங்களேன். புதுசா வந்திருக்க ரெண்டு பேரும் பயந்துபோய் இருக்காங்க.”

“நீ பயப்படலையா?”

“பயந்துதானே கேக்குறேன்!”

எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதன் பிறகு அடுப்படியில் நின்றுகொண்டு அவள் கேட்டதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அசையாமல் எப்படிப் படுக்க வைப்பது? அதற்குப் பதில் எனக்குத் தெரியும். அந்தப் பதிலை அப்படியே எழுதிக் கொடுக்கலாமா என்பதுதான் தெரியவில்லை. ஆகவே நடந்ததை எழுதுகிறேன். தேவையானதை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

இப்படிப்பட்ட கட்டுரைகளை வழக்கமாக நரைத்த தலைகள்தான் எழுதும். எனக்கு முப்பத்தைந்து வயது. மகனைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் வேலையை விட்டவள். விட்டது சரியா என்று இன்னமும் கிழமைக்கு இரண்டு தடவையாவது யோசிக்கிறேன். என் வீட்டுக்காரர் கலகெதரவில் படிப்பிக்கிறார். “நீ வேலைக்குப் போயிருந்தா பிள்ளைய விட்டது சரியான்னு யோசிச்சிருப்ப” என்பார். அதுவும் உண்மைதான்.

ஹேவாஹெட்டத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொடங்கி, பேராதனையில் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் கதிர்ப்படப்பிடிப்பு படித்து முடித்த வருடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. படித்ததில் பாதியை வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே அரியரத்தினம் சேர் மறக்கச் செய்துவிட்டார்.

அவர்தான் எங்கள் தலைமைக் கதிர்ப்படப்பிடிப்பாளர். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக்கு வந்து பல காலம் ஆனவர். அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒன்றும் இருக்காது. பேனா கூட இருக்காது. எம்.ஆர்.ஐ. இயந்திரம் என்பது ஒரு பெரிய காந்தம். படம் எடுக்காத நேரத்திலும் அது காந்தம்தான். ஒரு சாவி போதும், பறந்து போய் உள்ளே படுத்திருப்பவரின் முகத்தில் அடிக்க. அதனால் உலோகம் இருக்கிறதா என்று அவர் மூன்று முறை கேட்பார். வரவேற்பறையில் கதிரையில் உட்கார வைத்து ஒரு தடவை. உடை மாற்றி வந்ததும் இன்னொரு தடவை. கடைசியாக அறைக் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

“மூணாந் தரமும் கேக்கணுமா சேர்? கோவிக்கிறாங்க” என்று ஒருநாள் நான் கேட்டேன்.

“கோவிக்கட்டும். கதிரையிலை இருக்கேக்கை சனம் மரியாதைக்கு இல்லை எண்டு சொல்லும். கதவைக் கண்டாப் பிறகுதான் யோசிக்கும்.”

அன்றைக்கே தோட்டத்திலிருந்து வந்த ஒரு தாய், இரண்டு தடவை இல்லை என்று சொல்லிவிட்டு, கதவடியில் “ஐயோ, இடுப்புல கயிறு இருக்குங்க” என்றாள். பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் இரும்புத் தாயத்து. சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “ம்” என்றார். அவர் அப்படித்தான். நல்லது செய்தால் “ம்” என்பார். பிழை செய்தாலும் “ம்”தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

பிள்ளைகளிடம் அவர் பொய் சொல்லமாட்டார். நாங்கள் எல்லோரும் “ஒண்ணும் இல்ல செல்லம், சும்மா ஒரு சத்தம்” என்போம். அவர் குனிந்து, “பெரிய சத்தம் வரும். ரோட்டை உடைக்கிற மிசின் மாதிரி. காதிலை அடைப்பு வைப்பம். எண்டாலும் கேக்கும்” என்பார். பிள்ளைகள் அவரை விநோதமாகப் பார்ப்பார்கள். ஆனால் அவருக்குக் கை கொடுப்பார்கள்.

இந்த ஆராய்ச்சியைக் கொண்டுவந்தவர் டொக்டர் நிலந்தி. சிறுவர் மனநல வைத்தியர், சிங்களவர். தமிழ்த் தாய்மாரோடு பேச வேண்டும் என்பதற்காகவே தமிழ் படித்தவர்; மெதுவாக, எழுத்துக் கூட்டுவது போலப் பேசுவார். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றி எல்லோரும் ஒரே விதமாகச் சொல்கிறார்கள், கவனம் இல்லை, தன்னைக் கட்டுப்படுத்தத் தெரியாது என்று. அது உண்மையா, அல்லது அவர்கள் வேறு விதமாகக் கட்டுப்படுத்துகிறார்களா என்று பார்க்க வேண்டும் என்பார். அதற்காகப் பிள்ளை ஒரு விளையாட்டு விளையாடும்போது மூளையைப் படம் எடுப்பது. எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அங்கே இரத்த ஓட்டம் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தை இயந்திரம் பிடிக்கும்.

விளையாட்டு இதுதான். பிள்ளை குழாய்க்குள் மல்லாந்து படுத்திருக்கும். தலைக்கு மேலே சிறு கண்ணாடி. அதில் பின்னால் இருக்கும் திரை தெரியும். திரையில் பஸ், வேன், ஓட்டோ என்று ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் வலது கையில் உள்ள பொத்தானை அமத்த வேண்டும். ரயில் வந்தால் மட்டும் அமத்தக்கூடாது. பஸ், பஸ், ஓட்டோ, வேன் என்று பழகிப்போன விரல், ரயிலைக் கண்டதும் நிற்க வேண்டும். அந்த நிறுத்தத்தைத்தான் டொக்டர் தேடினார்.

இடது கையில் ஒரு ரப்பர் பந்து. கஷ்டமாக இருந்தால் அதைப் பிதுக்க வேண்டும். எங்கள் அறையில் மணி அடிக்கும். உடனே நிறுத்திவிட்டு உள்ளே போவோம். சுட்டுவிரலில் நாடித் துடிப்பைக் காட்டும் கிளிப். மயக்க மருந்து கிடையாது, ஊசி கிடையாது. அதனால் எல்லாமே பிள்ளை அசையாமல் இருப்பதில்தான் தங்கியிருந்தது. தலை ஒரு நெல்மணி அளவு நகர்ந்தாலும் படம் கலங்கிவிடும். வந்த பிள்ளைகளில் நிறையப் பேரின் படங்களைத் தூக்கிப் போட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றைப் போடும்போதும் டொக்டர், “அனே, பாவம், அந்த அம்மா எவ்வளவு தூரம் பஸ்ல வந்தாங்க” என்று சொல்வார்.

பழக்குவதற்காகக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு தச்சரிடம் பலகையில் போலிக் குழாய் ஒன்று செய்வித்திருந்தோம். அடியில் ஒலிபெருக்கி. பதிவு செய்த சத்தத்தை முதலில் மெதுவாக, பிறகு கூட்டி விடுவோம். பிள்ளைகள் மூன்று நான்கு நாட்கள் வந்து அதில் படுத்துப் பழகிய பிறகுதான் உண்மையான இயந்திரம்.

ஹஸ்னா திகனவிலிருந்து வந்தாள். ஒன்பது வயது. பேச்சு குறைவு, பேசினால் சின்னச் சின்ன வசனங்கள். வாப்பாவுக்குப் புடவைக் கடை. உம்மா பஸீலா என்னை விட ஒன்றிரண்டு வயது மூத்தவர். ஓ.எல். பரீட்சை வரை படித்தவர், கேள்விகளை யோசித்து வைத்துக்கொண்டு வருவார். முதல் நாளே என் கையைப் பிடித்துக் கேட்டார்.

“மிஸ், இந்தப் படத்தில புள்ள அடக்கமா இருப்பாளா எண்டு தெரியும்தானே?”

“இது ஆராய்ச்சிங்க. ஒவ்வொரு பிள்ளையப் பத்தியும் தனியா ஒண்ணும் சொல்லமாட்டாங்க. டொக்டர் சொன்னாங்கதானே.”

“சொன்ன. எனக்கு வெளங்குது. ஆனாலும் படம் நல்லா வந்தா, நல்லா வந்த எண்டு ஒரு வார்த்த சொல்லுவாங்கதானே?”

விஷயம் இதுதான். ஹஸ்னா வகுப்பிலிருந்து எழுந்து ஓடிவிடுவாள். இரண்டு தடவை பாடசாலை வாசலைத் தாண்டிப் பிரதான வீதிக்கே போய்விட்டாள். பாடசாலை அதிபர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில், புள்ள தன்னைக் கட்டுப்படுத்துவாள் என்று வைத்தியர் யாராவது சொன்னால் அனுப்புங்கள், இல்லாவிட்டால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். பாடசாலைத் தவணை தொடங்கக் கொஞ்ச நாள்தான் இருந்தது. பஸீலாவுக்கு இந்த ஆராய்ச்சி ஒரு பரீட்சை. நான் எத்தனை தடவை விளக்கியும் அவர் தலையாட்டினார்; கண்ணில் அந்த நினைப்பு அப்படியே இருந்தது. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

முதல் நாள் பயிற்சியில் ஹஸ்னாவுக்குப் பந்து பிடித்துப்போனது. பிதுக்கினால் மணி அடிக்கிறது, ஆட்கள் ஓடி வருகிறார்கள். பிதுக்கினாள், சிரித்தாள், மறுபடி பிதுக்கினாள். போலிக் குழாயில் ஒரு நிமிடம் கூட ஓடவில்லை.

“ஹஸ்னா! அது வெளயாட்டுச் சாமானா?” என்று உம்மா குழாய்க்குள் தலையை விட்டுக் கத்தினார்.

“மணி” என்றாள் ஹஸ்னா.

“மணிதான். ஒன்ட வாப்பாட கட மணி!”

எல்லோரும் சிரித்தோம். இரண்டாம் நாளும் அப்படித்தான். உம்மா அன்று சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது பிள்ளை மாறியிருந்தாள். படுத்தாள். வாயை இறுக்கி மூடினாள். சத்தத்தை முழுதாகக் கூட்டியும் அசையவில்லை. பந்தைத் தொடவேயில்லை. பொத்தானை ஒழுங்காக அமத்தினாள், ரயில் வந்தபோது நிறுத்தினாள். முடிந்த பிறகும் உம்மா போய்க் காதில் ஏதோ சொல்லி வாயில் எதையோ ஊட்டும் வரை எழும்பவில்லை.

“எப்படிச் செஞ்சீங்க?” என்று நான் கேட்டேன்.

“ஊட்டுல கட்டிலுக்குக் கீழ படுக்கப் போட்டு, மிக்சியப் போட்டுப் பழக்கின, மிஸ்” என்றார் பஸீலா. முகத்தில் அவ்வளவு களைப்பு, அவ்வளவு பெருமை. நாங்கள் மெச்சினோம். தர்ஷி, நீங்கள் மூன்று பேரும் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு கிழமைக்குள் ஒரு பிள்ளை இப்படி மாறினால் எதற்காக மாறினாள் என்று கேட்க வேண்டும். எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. எங்களுக்கு ஒரு நல்ல படம் கிடைக்கப்போகிற சந்தோஷம்.

படம் எடுத்த நாள் காலையில் மழை. ஹஸ்னா நனையாமல் வந்திருந்தாள், உம்மா நனைந்திருந்தார். சேர் மூன்று தடவை கேட்டார். பஸீலாவின் தலைத்துணியில் குண்டூசிகள் இருந்ததால் அவர் வெளியே இருக்க வேண்டும் என்று முடிவானது. சேர் பக்கத்து அறைக்கு வேறு ஒரு நோயாளியைப் பார்க்கப் போனார். நான் பிள்ளையின் காதில் பஞ்சு அடைப்பு வைத்து, மேலே ஹெட்போன் போன்ற ஒலிதாங்கியை மாட்டி, தலைக்குப் பக்கத்தில் மெத்தைத் துண்டுகளைச் செருகி, பந்தைக் கையில் வைத்தேன். அவள் விரல்கள் பந்தைச் சுற்றி மூடவில்லை. உள்ளங்கையில் ஒரு முட்டையை வைத்தது போல வைத்திருந்தாள்.

முதல் சுற்று. இரண்டாம் சுற்று. டொக்டர் நிலந்தி என் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை அசைவைக் காட்டும் கோடு, அடிமட்டம் வைத்துக் கீறியது போல நேராகப் போனது. அப்படி ஒரு கோட்டை நாங்கள் பெரியவர்களிடமும் கண்டதில்லை.

“நங்கி, பாருங்க” என்று, தங்கச்சியைக் கூப்பிடும் சிங்களச் சொல்லால் என்னை அழைத்தார் டொக்டர். “இந்தப் பிள்ளைக்குக் கட்டுப்பாடு இல்லன்னு சொன்னது யார்?”

சுற்றுகளுக்கு நடுவே நான் ஒலிவாங்கியில் பேசினேன். “ஹஸ்னா, நல்லா செய்றீங்க. கஷ்டமா இருந்தா பந்தை அமத்துங்க. சரியா?” மணி அடிக்கவில்லை. அடிக்காவிட்டால் கஷ்டமில்லை என்று அர்த்தம். எங்கள் விதி அதுதான்.

“சரி, கடைசிச் சுற்று” என்றார் டொக்டர்.

மூன்றாம் சுற்று தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நான் கமராவில் அவள் கால்களைப் பார்த்தேன். போர்வை விலகியிருந்தது. இரண்டு பாதங்களிலும் விரல்கள் உள்ளே மடிந்து, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தன. நாடி ஏறியிருந்தது. பிள்ளைகளுக்கு நாடி ஏறும் இறங்கும், அது பெரிய விஷயமில்லை. ஆனால் அது இறங்கவில்லை. பொத்தான் பதில்கள் சரியாக வந்துகொண்டிருந்தன. பஸ்ஸுக்கு அமத்தினாள். ரயிலுக்கு நிறுத்தினாள். கோடு நேராக இருந்தது. கால் விரல்கள் இன்னும் மடிந்தன.

“டொக்டர், காலைப் பாருங்க.”

“குளிர் போல.”

“நாடியும் ஏறுது.”

“அனே நங்கி, இன்னும் கொஞ்ச நேரம்தான். அவ மணி அடிக்கலதானே. நல்லா விளையாடுறா.”

அவர் சொன்னது பிழையில்லை. திரையில் இருந்த எல்லாமே அவர் பக்கம் நின்றது. என் பக்கத்தில் இருந்தது பத்து கால் விரல்கள். நிறுத்தினால் அந்தச் சுற்று போய்விடும். அந்த உம்மா வெளியே நனைந்த துணியோடு உட்கார்ந்திருக்கிறார். நிறுத்தியது வீண் என்று தெரிந்தால் அவர் முகத்தில் எப்படி முழிப்பது? நிறுத்தாமல் விட்டு ஏதாவது நடந்தால்? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சேர் எனக்குச் சொன்னது ஒன்று உண்டு. “ஆராய்ச்சி அவையின்ரை. கட்டிலிலை கிடக்கிற பிள்ளை உம்மடை.” அதை அப்போது நினைத்தேனா என்று கூட இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. விரல் நிறுத்தும் பொத்தானுக்குப் போய்விட்டது.

சத்தம் நின்றது. “ஹஸ்னா, இப்ப பந்தை ஒரு தரம் அமத்துங்க” என்றேன். மணி இல்லை. “ஹஸ்னா?” இல்லை.

உள்ளே ஓடிக் கட்டிலை வெளியே இழுத்தேன். கண்கள் விரியத் திறந்திருந்தன. கன்னம் நனைந்திருந்தது. கண்ணீர் என்று நினைத்தேன். கண்ணீர் இல்லை, எச்சில். வாய் நிறைய எச்சிலைத் தேக்கி, உதடுகளை இறுக்கி, விழுங்காமல் மல்லாந்து கிடந்தாள். மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். இடது காதில் வைத்த அடைப்பு கழன்று கழுத்துக்குக் கீழே கிடந்தது. ஒலிதாங்கிக்குள் காதுமடல் மடிந்து சிவந்திருந்தது. அவ்வளவு சத்தமும் அந்தக் காதுக்குள் போயிருக்கிறது. ஒரு இருமல் வந்திருந்தால் அந்த எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கும்.

“துப்புங்க ஹஸ்னா. துப்பலாம்.” அவளைப் பக்கவாட்டில் திருப்பினேன். எச்சில் துணியில் வழிந்தது. ஆனால் வாய் மறுபடி மூடிக்கொண்டது. எழும்பவில்லை. கையைப் பிடித்தால் கட்டை மாதிரி இருந்தது.

கதவடியில் கூச்சல். சேரும் வந்துவிட்டார். பஸீலா கைப்பையோடு உள்ளே பாய்ந்து வர, சேர் இரண்டு கைகளையும் விரித்துக் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

“பாக்கை வையுங்கோ தங்கச்சி! முதல்லை பாக்கைக் கீழை வையுங்கோ!”

“ஈத்தம்பழம் பேக்குலதான் ஈக்குது! விடுங்க! அவ நோன்பு தொறக்கணும்!”

“என்ன நோன்பு?”

“நான்தான் சொன்ன… உள்ளுக்குப் போனா நோன்பு மாதிரி எண்டு. அசைஞ்சா முறியும், பந்த அமத்தினா முறியும் எண்டு. உம்மா வந்து பிஸ்மி சொல்லிப் பழம் தந்தாத்தான் தொறக்கலாம் எண்டு… அவக்கு நோன்புதான் நல்லா வெளங்கும். போன நோன்புல அரை நோன்பு பிடிச்சவ. எச்சில் முழுங்கினா முறியாது எண்டு நூறு தரம் சொல்லியிருக்கேன். கேக்கமாட்டா. நோன்பு முழுக்கத் துப்பிக்கிட்டேதான் ஈப்பா…”

பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு விளங்கியது. கையை வாயில் வைத்துக்கொண்டார்.

“நீங்கள் அங்கையே நில்லுங்கோ, பிள்ளையைக் கொண்டுவாறம்” என்றார் சேர். படுக்கை விரிப்போடு சேர்த்து நாங்கள் இருவரும் அவளைத் தூக்கி வெளியே கொண்டுவந்தோம். பஸீலா தரையில் உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, பேரீச்சம்பழத்தை அவள் உதட்டில் வைத்தார். வாய் திறந்தது. ஹஸ்னா பழத்தை மென்றாள். பொறுமையாக, கொட்டையை உம்மாவின் கையில் துப்பும் வரை மென்றாள். பிறகு இடது காதைப் பொத்திக்கொண்டு கத்தத் தொடங்கினாள். நிலையம் முழுவதும் கேட்டது. வரவேற்பறையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவள் கத்தக் கத்த எனக்கு ஆறுதலாக இருந்தது.

வைத்தியர் ஒருவர் காதைப் பார்த்தார். உள்ளே காயம் இல்லை, கொஞ்ச நாளில் மறுபடி பார்ப்போம் என்றார். அதன் பிறகுதான் பஸீலா என்னிடம் வந்தார்.

“மிஸ், அவ அசைஞ்சாளா?”

“இல்ல.”

“ஒரு தரமாவது?”

“இல்லங்க. அசையவே இல்ல.”

“அப்ப ஏன் நிப்பாட்டின? முடியக் கொஞ்சம்தானே இரிந்திச்சு?” கோபம் மாதிரித் தொடங்கி அழுகையாக முடிந்தது. “அவ வாழ்க்கையில ஒண்டையும் முடிச்சதில்ல மிஸ். இத முடிச்சிருப்பா.”

 சேர் பிள்ளையின் காதடியில் இருந்த சிவப்பைக் குனிந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்து “ம்” என்றார். எந்த “ம்” என்று அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த நாள் டொக்டர் ஒரு மாற்றம் செய்தார். தர்ஷி, நீ எழுதித் தரச் சொல்லிக் கேட்டதற்கு நான் தரக்கூடிய ஒரே உறுதியான பதில் இதுதான். பயிற்சியின்போது ஒவ்வொரு பிள்ளையும், சொன்னதும் பந்தைப் பிதுக்க வேண்டும். சொல்லாமலும் ஒரு தடவையாவது தானாகப் பிதுக்கியிருக்க வேண்டும். பிதுக்காத பிள்ளை எவ்வளவு அசையாமல் இருந்தாலும் உள்ளே போகக்கூடாது. வீட்டில் என்ன சொல்லிப் பழக்கினீர்கள் என்று தாயிடம் கேட்க வேண்டும். வரவேற்பறையில் ஒரு தடவை, பயிற்சிக்குப் பிறகு ஒரு தடவை, கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை. அசையாமல் வைப்பது எப்படி என்றால், அது சுலபம். நாங்கள் எல்லோரும் அதில் கெட்டிக்காரர்கள். பிள்ளைகளுக்கு அதைத்தானே பிறந்ததிலிருந்து சொல்லிக்கொடுக்கிறோம்?

எனக்கு இப்போது நான்கு வயது மகன். அவன் ஒரு மூலையில் சத்தமில்லாமல் விளையாடினால் மற்றத் தாய்மார் போலச் சந்தோஷப்பட என்னால் முடிவதில்லை. போய்க் கால் விரல்களைப் பார்க்கிறேன். முடி வெட்டும் கடையில் “ஆடாம இருடா கண்ணா” என்று சொன்ன அடுத்த நொடி, ஏன் சொன்னேன் என்று தோன்றுகிறது. சொல்லாமல் இருந்தால் கத்தரி காதில் படும். இதற்கு ஒரு முடிவு எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் இன்னொன்று சொல்ல வேண்டும். ஹஸ்னாவின் முதல் இரண்டு சுற்றுகள் முழுமையாக இருந்தன. அந்த ஆராய்ச்சியிலேயே அதுதான் மிகத் தெளிவான படம். டொக்டர் நிலந்திக்கு அதை விட மனமில்லை, வைத்துக்கொள்ளவும் மனமில்லை. காதடைப்பு எப்போது கழன்றது என்று யாருக்கும் தெரியாது. கணக்கில் சேர்த்தால், தன்னை நன்றாகக் கட்டுப்படுத்தும் பிள்ளையின் மூளை இப்படி இருக்கும் என்று அந்தப் படம் சொல்லும். ஆனால் அது வலியைப் பொறுக்கும் பிள்ளையின் மூளையாகவும் இருக்கலாம். சேரிடம் கேட்டார். “படம் நல்ல படம்தான். பிள்ளை என்ன பாடு பட்டதெண்டு படத்துக்குத் தெரியாது” என்றார் சேர். கடைசியில் டொக்டர், தாயிடமே கேட்போம் என்று பஸீலாவை அழைத்தார்.

பஸீலா தனியாக வந்தார். தவணை தொடங்கியிருந்தது. கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். டொக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் எல்லாவற்றையும் சொன்னார். படத்தை அழிக்கச் சொன்னால் அழிக்கிறோம், அதில் கேள்வி இல்லை என்றும் சொன்னார்.

“நான் பிரின்சிபல்கிட்டப் போன, மிஸ்” என்றார் பஸீலா, என்னைப் பார்த்து. “கையில ஒண்டும் இல்லாமத்தான் போன. அவ ஓடுறது குறும்புக்கில்ல, சத்தத்துக்கு எண்டு சொன்ன. ஒங்கட சத்தமான ஹோலுக்குப் பக்கத்து வகுப்பில ஒரு நாள் நீங்க ஒக்காந்து பாருங்க எண்டும் சொன்ன. எனக்கே தெரியா, எப்படி அப்படிப் பேசின எண்டு. ஒரு மாசம் பாப்பம் எண்டாரு. வேற வகுப்புக்கு மாத்தியிருக்காரு. நேத்து ஓடல்ல. இண்டைக்கு என்ன செய்றாளோ. இப்பவும் போனையேதான் பாத்துக்கிட்டு ஈக்கிறேன்.”

உண்மையில் அவர் மடியில் தொலைபேசி இருந்தது.

“படம்?” என்று டொக்டர் மெதுவாகக் கேட்டார்.

பஸீலா மடியில் இருந்த தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். அந்தப் படத்துக்காக அவர் எத்தனை நாள் கட்டிலுக்குக் கீழே குனிந்திருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அழிக்கச் சொல்வார் என்று பயந்தேன். வைத்துக்கொள்ளச் சொல்வார் என்றும் பயந்தேன்.

“அழிக்க வேணாம்” என்றார். “அவ செஞ்சதுதானே. வேற யாரும் செய்யல்ல.”

டொக்டர் பேனாவை எடுத்தார்.

“ஆனா அதுக்குக் கீழ எழுதுங்க. பாக்குற ஆக்களுக்குத் தெரியணும்.”

“என்ன எழுதணும்?”

“அவ அசையல்ல. அவக்கு நொந்திச்சு. ரெண்டையும் எழுதுங்க.”